சுற்றுச்சூழல் வேதியியல் முதல் பாடம்: எங்கள் ஊர்த் தண்ணீரில் இருந்தே தொடங்கலாமா?

வெள்ளகோவில்_மாணவி

எல்லோருக்கும் வணக்கமுங்க. பி.எஸ்சி. வேதியியல் முதல் வருடம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் சுற்றுச்சூழல் வேதியியல் ஒரு தாள். முதல் பக்கத்திலேயே பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, பி.ஓ.டி. என்று வரிசையாக வருகிறது. மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எது எதற்கு என்று பிடிபடவே இல்லை.

எங்கள் தோட்டத்தில் மூன்று தண்ணீர் உண்டு. அப்பாரு காலத்துக் கிணறு, ஆயிரம் அடி போர், வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வரும் காவிரித் தண்ணீர். போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. அதனால் ஆத்தா பருப்புக்கென்றே குழாய்த் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து மூடி வைப்பார். ஏன் வேகவில்லை என்று வகுப்பில் கேட்டேன். அது சமையல், பாடத்தைப் பார் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதுவும் பாடம் என்றுதான் தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?

மஞ்சள்_டீச்சர்_ஈரோடு

அம்மணி, அந்தக் குடத்தில் இருந்தே தொடங்கு. உன் ஆத்தா செய்வது தண்ணீரைத் தரம் பிரிக்கும் வேலை.

மழை விழும்போதே காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் அதில் கரைந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. பி.எச். என்பது அமில, கார அளவு. ஏழு என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மாசே படாத மழைக்கும் பி.எச். ஏழு இருக்காது, ஏறக்குறைய 5.6 தான். மண்ணுக்குள் இறங்கினால் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கார்பன் டை ஆக்சைடு இன்னும் சேரும். இந்த லேசான புளிப்புத் தண்ணீர் நம் பக்கத்துச் சுக்காங்கல்லைத் தொடுகிறது. கிணறு வெட்டும்போது சில அடி ஆழத்திலேயே வெள்ளை வெள்ளையாக வருமே, அதுதான். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சும்மா தண்ணீரில் அது அவ்வளவாகக் கரையாது. கார்பானிக் அமிலம் பட்டால் கால்சியம் பைகார்பனேட் ஆகிக் கரைந்துவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீருக்குள் கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

இனி பருப்பு. பருப்பின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். சூடு ஏறினால் அது இளகும், பருப்பு மசியும். கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டம். பக்கத்துப் பக்கத்துப் பெக்டின் இழைகள் இரண்டையும் அது சேர்த்துக் கட்டிவிடும். மக்னீசியமும் கிட்டத்தட்ட அதே வேலைதான் செய்யும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசு முழுசாகவே கிடக்கும். சிட்டிகை சமையல் சோடா போட்டால் வெந்துவிடும்தான், ஆனால் பி1 வைட்டமின் சிதையும். தனிக்குடம்தான் நல்ல வழி.

போர்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் உள்ளே வெள்ளையாகப் படிகிறதா? கரைந்த கல் திரும்பி வந்தது அது. சூட்டில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், பைகார்பனேட் மறுபடி கார்பனேட் ஆகிப் படிந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் உன் புத்தகத்துக் கடினத்தன்மை. இப்படிக் காய்ச்சினால் இறங்குவது தற்காலிகக் கடினத்தன்மை. கால்சியம் சல்பேட்டாகவோ குளோரைடாகவோ இருந்தால் காய்ச்சினாலும் இறங்காது, அது நிரந்தரக் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காமல் வாளி ஓரத்தில் ஏடு போல ஒட்டுவது கால்சியமும் சோப்பும் சேர்ந்த கரையாத உப்பு.

இந்த இடத்தில் கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்றும் புரியும். அது மலைக்காட்டில் பெய்த மழை. அங்கே உள்ள பாறை கடினமான படிகப் பாறை, சுண்ணாம்பு போல எளிதில் கரையாது. தண்ணீர் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் இல்லை. நம் ஆயிரம் அடித் தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் ஊறிக் கிடந்தது. எதோடு, எவ்வளவு காலம் சேர்ந்து இருந்தது என்பதைத் தண்ணீர் அப்படியே காட்டிவிடும்.

வெள்ளகோவில்_மாணவி

டீச்சர், இரண்டு முறை படித்தேன். பாத்திரத்து வெள்ளையைச் சுரண்டி எலுமிச்சைச் சாறு விட்டேன், பொங்கியது! பி.எச். பார்க்க வீட்டில் ஏதாவது வழி உண்டா? கல்லூரியில் ஆய்வக வகுப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம் ஆகும்.

மஞ்சள்_டீச்சர்_ஈரோடு

ஈரோட்டில் இருந்துகொண்டு இதற்கு மஞ்சளைச் சொல்லாவிட்டால் எப்படி! வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டு, சோப்புப் போட்டதும் சிவப்பாகுமே, அதுதான் நிறங்காட்டி. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் செம்பழுப்பாகும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். வெள்ளைத் தாளை மஞ்சள் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள். ஆனால் பி.எச். ஏழரை, எட்டைத் தாண்டினால்தான் அது மாறத் தொடங்கும். அமிலப் பக்கம் பார்க்கச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவை. நீலச்சாறு எலுமிச்சைக்கு ஊதாவாகும், சோடாவுக்குப் பச்சையாகும்.

ஒன்று மட்டும் மனதில் வை. பி.எச். ஆறுக்கும் ஐந்துக்கும் இடையே வித்தியாசம் ஒன்று இல்லை, அமிலத்தன்மை பத்து மடங்கு. ஆறுக்கும் நான்குக்கும் நூறு மடங்கு. எண் சிறியதாகத் தெரிவதால் பிள்ளைகள் இதில் ஏமாந்து போகிறார்கள்.

ஆர்ஓ_சர்வீஸ்_கோபி

தங்கச்சி இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவு. அதற்கு மீட்டர் ஒன்று வாங்கிக்கோங்க, பேனா அளவுதான் இருக்கும். நான் தினமும் நாலைந்து வீட்டில் பார்க்கிறேன். மீட்டர் 50, 60 காட்டினால் சுத்தமான தண்ணீர். 1000-க்கு மேலே போனால் கெட்ட தண்ணீர். இது ஒன்று தெரிந்தால் போதும்.

பழைய_லேப்_திருப்பூர்

கோபித் தம்பி, உங்கள் தொழிலை மதித்தே சொல்கிறேன், இதை அப்படியே விட்டால் பிள்ளை தவறாகப் படித்துவிடும். நான் சாயப்பட்டறை ஆய்வகங்களில் 22 வருடம் வேலை பார்த்தவன்.

அந்தப் பேனா எதையும் எடை போடுவதில்லை. தண்ணீர் வழியாக மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்து, அதை ஒரு காரணியால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. மின்சாரத்தைக் கடத்துவது அயனிகள். ஆகவே அயனி ஆகாத எதுவும் மீட்டருக்குத் தெரியாது. ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி மீட்டரை விட்டுப் பாருங்கள், எண் அசையாது. ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள், பாய்ந்து ஏறும். பல பூச்சிமருந்துகளும் சர்க்கரை மாதிரிதான், மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள். கிருமியும் அதில் தெரியாது. சாக்கடை கலந்த சிறுவாணித் தண்ணீருக்கும் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டலாம்.

எண் 800 என்றால் அந்த 800 எதனால் ஆனது என்றும் அது சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை என்கிறது. அதே தரம் நைட்ரேட்டுக்கு 45-க்கு மேல் இடமே கொடுக்கவில்லை. புளூரைடுக்கு 1.0, மாற்று இல்லாவிட்டால் 1.5. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. 800-க்குள் புளூரைடு 3 ஒளிந்திருந்தால் பேனா எப்படிச் சொல்லும்?

அம்மணிக்கு: லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதைத்தான் தண்ணீரில் ஒரு பி.பி.எம். என்கிறோம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த அலகைக் கையில் பிடித்துக்கொள், முக்கால்வாசி பாடம் இதில்தான் நடக்கிறது. உங்கள் ஆயிரம் லிட்டர் தொட்டியில் 1500 பி.பி.எம். தண்ணீர் இருந்தால் உள்ளே ஒன்றரைக் கிலோ உப்பு கரைந்து கிடக்கிறது.

ஆர்ஓ_சர்வீஸ்_கோபி

அண்ணா, சர்க்கரையைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், எண் அசையவில்லை. ஆறு வருடமாக இந்த மீட்டரைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், இது தெரியாமல் போய்விட்டது. இனி வீடுகளில் உப்பு மட்டும்தான் தெரியும் என்று சேர்த்தே சொல்கிறேன்.

தண்ணீரில் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பழைய_லேப்_திருப்பூர்

இதற்குக் கணக்கே பதில் சொல்லும். 1500 பி.பி.எம். தண்ணீர் மூன்று லிட்டர் உள்ளே போகிறது. மொத்த உப்பு 4.5 கிராம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 60 பி.பி.எம்.-ல் வருகிறது, அதில் 0.06 கிராம். மீதி 4.44 கிராம் இரண்டு லிட்டர் கழிவில் இருக்கிறது. அதாவது 2220 பி.பி.எம். ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, நகர்த்துகிறது. அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். தரை கழுவலாம், கழிப்பறைக்கு விடலாம். குழாய்த் தண்ணீரே 300 பி.பி.எம். என்றால் கழிவு 420 தான் வரும், அதைச் செடிக்கு விடத் தயங்க வேண்டாம்.

நொய்யல்கரைத்_தோட்டம்

வணக்கம். உப்பு நகர்கிறது என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்களுக்கு ஆறு ஏக்கர். 1992-ல் அணை கட்டி முடித்தபோது எனக்கு 19 வயது. இனிக் கஷ்டம் இல்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது. கொஞ்ச வருடத்திலேயே மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இருந்து வந்த சாயத்தண்ணீர் அணையில் தேங்க ஆரம்பித்தது. கிணறுகள் கெட்டன. தென்னையில் குரும்பை நிற்காமல் கொட்டியது. வாய்க்கால் ஓரத்தில் மண் வெள்ளையாகப் பூத்தது. மாடு அந்தத் தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். என் அப்பா கடைசிவரை அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைப் பார்க்கப் போனோம். உள்ளே கறுப்பாகப் போன தண்ணீர் வெளியே தெளிவாக வந்தது. ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டி, "பாருங்கள், சுத்தமாகிவிட்டது" என்றார்கள். நிறம் போய்விட்டது உண்மைதான். ஆனால் கிணறு மட்டும் ஏன் சரியாகவில்லை? யாரும் எங்களுக்கு விளங்கும்படி சொன்னதே இல்லை. முப்பது வருடமாக என் மனதில் இருக்கும் கேள்வி இது.

பழைய_லேப்_திருப்பூர்

ஐயா, உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான். நானும் அப்படிப்பட்ட பட்டறைகளில் வேலை பார்த்தவன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பனியன் துணி பருத்தி. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். நாங்கள் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், சாயம் துணியை நெருங்காது. உப்பைக் கொட்டினால் சோடியம் அயனிகள் நடுவே வந்து அந்தத் தள்ளுதலை மட்டுப்படுத்தும், சாயம் இழைக்குள் போகும். அப்புறம் சோடா ஆஷ் போட்டுக் காரமாக்கினால் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துவிடும். உப்பு வழிவிடுகிறது, அவ்வளவுதான். அது துணியில் தங்குவதே இல்லை.

அளவைப் பாருங்கள். கறுப்பு, நேவி போன்ற அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் சாதா உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) போடுவோம். 100 கிலோ துணிக்கு 800 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 70 கிராம் என்று வைத்தால் 56 கிலோ உப்பு. நூறு கிலோ துணிக்கு ஒரு மூட்டைக்கு மேல். அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே போகும். சாயத்திலும் ஒரு பகுதி துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு சிதைந்து வெளியேறும், அதுதான் நீங்கள் பார்த்த நிறம்.

பழைய சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பும் போடுவோம். இரும்பு ஹைட்ராக்சைடு திரிதிரியாகத் திரண்டு சாயத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்த தண்ணீர். உங்களுக்குக் காட்டிய பாட்டில் அதுதான். ஆனால் சோடியமும் குளோரைடும் அங்கே போடும் எதோடும் சேர்ந்து வீழ்படிவு ஆகாது. போட்ட சுண்ணாம்பும் சல்பேட்டும் சேர்ந்து டி.டி.எஸ். பல நேரம் முன்பைவிடக் கூடிவிடும். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தோம், தெரியாததை ஆற்றில் விட்டோம்.

வெளியேற்றும் தண்ணீரில் டி.டி.எஸ். 2100 தாண்டக்கூடாது என்பது விதி. ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் தண்ணீர் 6000 பி.பி.எம்.-ல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 டன் உப்பு. ஒரே நாளில். வெள்ளியங்கிரியில் பிறந்து வரும் நொய்யல் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு அல்ல, கரைத்து அடித்துப்போக அதில் தண்ணீர் ஏது? அணையில் தேங்கினால் வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே நின்று இன்னும் அடர்த்தியாகும், பிறகு கீழே கசிந்து உங்கள் கிணற்றுக்கு வரும்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத முறை வந்தால்தான் திறக்கலாம் என்றது. அதற்குப் பிறகுதான் ஆர்.ஓ., அதன் கழிவைக் கொதிக்க வைத்து உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கிகள் எல்லாம் பரவலாக வந்தன. தண்ணீரும் உப்பின் ஒரு பகுதியும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் இருக்கிறது. மழை படாமல் அதை வைத்திருக்க வேண்டும், பட்டால் மறுபடியும் முதலில் இருந்து.

நொய்யல்கரைத்_தோட்டம்

நன்றிங்க. கோபத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு நின்றுவிடும் என்ற வரியை அப்பா இருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

மண்ணைப் பற்றியும் கேட்கிறேன். இப்போது மழை நன்றாகப் பெய்த வருடத்தில் கிணறு கொஞ்சம் தேறுகிறது. ஆனால் தாழ்வான ஒரு ஏக்கர் மட்டும் சிமென்ட் போல இறுகிவிட்டது. தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் நிற்கிறது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது.

மஞ்சள்_டீச்சர்_ஈரோடு

ஐயா, முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குல உயரம் தண்ணீர் பாய்ச்சினால் அது ஏறக்குறைய 1,03,000 லிட்டர். தண்ணீர் 2000 பி.பி.எம். என்றால் ஒரு பாய்ச்சலுக்கு 200 கிலோவுக்கு மேல் உப்பு, நான்கு மூட்டை. பயிர் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும்.

அம்மணியும் கவனி, நம் முன்னோர் இதற்கு இரண்டு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது உவர் மண், அங்கே எல்லா உப்பும் மிகுதி. இறுகிப்போய்த் தண்ணீர் இறங்காமல் கிடப்பது களர் மண், அங்கே சோடியம் மண்துகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. களிமண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம். கால்சியம் இருக்கும்போது இரட்டை மின்னூட்டத்தால் துகள்களைக் கொத்தாகச் சேர்த்துப் பிடிக்கும். கொத்துக்கு நடுவே காற்றும் தண்ணீரும் போகும். அந்த இடத்தைச் சோடியம் பிடித்தால் ஒற்றை மின்னூட்டம், மேலே தண்ணீர்ப் போர்வை வேறு. பிடி தளர்ந்து துகள்கள் தனித்தனியாகப் பிரியும், துளைகளை அடைத்துவிடும்.

உங்கள் ஒரு ஏக்கர் களராகத் தெரிகிறது. மண்ணைப் பரிசோதித்துவிட்டு ஜிப்சம் போடுவது வழக்கம். ஜிப்சம் கால்சியம் சல்பேட். அதன் கால்சியம் மண்துகளில் ஏறும், இறங்கிய சோடியம் சல்பேட்டாக நல்ல தண்ணீரோடு வெளியேற வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டுப் பயன் இல்லை, சோடியம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் உதவும்.

பருப்புக்குள் தொல்லை கொடுத்த அதே கால்சியம் மண்ணுக்கு மருந்தாகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

நார்மில்_பொள்ளாச்சி

டீச்சர், நீங்கள் சொன்னதைத்தான் நாங்கள் தினமும் செய்கிறோம் என்று இப்போதுதான் தெரிகிறது! தென்னை நார்க்கழிவைக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்கிறோம். அதில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். வெறும் தண்ணீரில் கழுவினால் ஓரளவுதான் இறங்கும். அதனால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்துப் பிறகு அலசுவோம். பஃபர் செய்வது என்போம். கால்சியம் ஏறுகிறது, சோடியம் இறங்குகிறது, சரிதானே?

அப்படியென்றால் அலசிய தண்ணீரில் சோடியம், பொட்டாசியம், மிஞ்சிய நைட்ரேட் எல்லாம் இருக்கும். எங்கள் பக்கம் அது பழுப்பாகப் போவதை மட்டும்தான் பேசுகிறோம்.

மஞ்சள்_டீச்சர்_ஈரோடு

சரியேதான். பெயர் அயனிப் பரிமாற்றம். பழுப்பு டானினும் பீனால் சேர்மங்களும், அதுவும் கவனிக்க வேண்டியதுதான். நிறம் தெரியாத நைட்ரேட் அதைவிடத் தூரம் போகும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றுப் பக்கம் விடாதீர்கள்.

கோழிப்பண்ணை_நாமக்கல்

நைட்ரேட் என்றதும் நான் வருகிறேன். எங்கள் கிணற்றைப் பரிசோதித்தபோது நைட்ரேட் கூடுதல் என்று வந்தது. நாங்கள் யூரியாவே போடுவதில்லை. கோழி எரு மட்டும்தான், முழுக்க இயற்கை. இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும்?

பழைய_லேப்_திருப்பூர்

தம்பி, நைட்ரஜனுக்கு யூரியா மூட்டையில் இருந்து வந்தோமா கோழியில் இருந்து வந்தோமா என்ற நினைவு இருக்காது. கோழி யூரிக் அமிலமாகக் கழிக்கிறது. நுண்ணுயிர்கள் அதை உடைத்தால் அம்மோனியா, பண்ணைக்குள் கண்ணைக் கரிக்குமே அதுதான். ஒரு பகுதி காற்றில் போய் மழையோடு இறங்கும். மண்ணில் இருப்பதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். அம்மோனியம் அயனி நேர்மின்னூட்டம் கொண்டது, களிமண் பிடித்து வைக்கும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம், களிமண்ணும் எதிர்மின்னூட்டம். சாயமும் பருத்தியும் தள்ளிக்கொண்ட அதே கதை. பிடிப்பார் இல்லாமல் மழையோடு கிணற்றுக்கு இறங்கிவிடும்.

பச்சைக் குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைக்கும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும். எருக்குவியலைக் கிணற்றுக்குத் தள்ளி, மழை படாமல் தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

புளூரைடும் இயற்கைதான். சேலம், தருமபுரிப் பக்கம் பாறையில் இருந்தே வருகிறது, ஒரு ஆலையும் விட்டதல்ல. பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை போட்டுவிடுகிறது.

வெள்ளகோவில்_மாணவி

எனக்கு ஒரே ஒரு எழுத்துக்கூட்டம் பாக்கி இருக்கிறது. பி.ஓ.டி. புத்தகத்தில் ஐந்து நாள் 20 டிகிரி என்றும், மூன்று நாள் 27 டிகிரி என்றும் இரண்டு விதமாக இருக்கிறது.

பழைய_லேப்_திருப்பூர்

பி.ஓ.டி. என்பது தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்கப் பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு. நீ பார்த்த இரண்டும் சரி. குளிர்நாட்டு முறை ஐந்து நாள். நம் வெப்பத்துக்கு இந்தியத் தரம் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துக்கொண்டது.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளி கழுவிய தண்ணீரை நினைத்துக்கொள். அதில் மாவுச்சத்து இருக்கிறது. மாவுச்சத்து விஷம் இல்லை, சாப்பாடு. அது குளத்தில் விழுந்தால் பாக்டீரியாவுக்கு விருந்து. தின்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றில் இருந்து பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் 8 மில்லிகிராம்தான். சேகோக் கழிவின் பி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் போகும். அந்த 8 எத்தனை நேரம் தாங்கும்? ஆக்சிஜன் தீர்ந்தால் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும், அழுகிய முட்டை நாற்றம் அங்கிருந்துதான். அதே வேலையை மூடிய தொட்டிக்குள் நடத்தினால் மீத்தேன் கிடைக்கும், ஆலைகள் அதை எரிபொருளாகவே எடுக்கின்றன.

கூடவே சி.ஓ.டி. என்றும் ஒன்று வரும். அது பாக்டீரியாவுக்குப் பதிலாக டைகுரோமேட் என்ற வேதிப்பொருளை வைத்துத் தின்னச் சொல்வது. பாக்டீரியா தொடாததையும் அது தின்றுவிடும். சேகோக் கழிவில் இரண்டும் ஓரளவு நெருங்கி இருக்கும். சாயக்கழிவில் சி.ஓ.டி. எங்கோ மேலே நிற்கும்.

வெள்ளகோவில்_மாணவி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்று முதல் ஆய்வக வகுப்பு. வீட்டில் இருந்து மூன்று தண்ணீரும் கொண்டுபோனேன். கடினத்தன்மையை அளக்கும் இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல். திராட்சைச் சிவப்பு நீலமாக மாறிய அந்த நொடியை மறக்கவே மாட்டேன்.

50 மில்லிக்குக் குழாய்த் தண்ணீர் 7 மில்லி எடுத்தது, கிணறு 21, போர் 34. எங்கள் கரைசலில் ஒரு மில்லி என்றால் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். ஆக லிட்டருக்கு 140, 420, 680. மேடமிடம் கேட்டுப் போர்த் தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, வற்றிய அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் விட்டு மறுபடி பார்த்தேன். 25 மில்லி, அதாவது லிட்டருக்கு 500 வந்தது. 180 காய்ச்சினால் இறங்குகிறது, 500 இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் குடத்துத் தண்ணீருக்கு 140 என்று சொன்னேன். "அதான் மெத்துனு வேகுது" என்றார்.

அந்த 500-க்கு ஜோடி குளோரைடா, சல்பேட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நொய்யல்கரைத்_தோட்டம்

அம்மணி, எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில் பார்த்துத் தருவாயா? சனிக்கிழமை வெள்ளகோவில் சந்தைக்கு வருகிறேன்.

பழைய_லேப்_திருப்பூர்

ஐயா, பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு, காற்றுக்குமிழ் இல்லாமல் கழுத்துவரை பிடியுங்கள். தேதியும் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்பதும் ஒட்டி எழுதுங்கள்.

அம்மணி, முதலில் குளோரைடு பார். வெள்ளி நைட்ரேட், நிறங்காட்டிக்குப் பொட்டாசியம் குரோமேட், வெள்ளை வீழ்படிவு செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்து. உன் போருக்கும் ஐயாவின் கிணற்றுக்கும் ஒரே நாளில் செய். வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுத்துப் போகும், குரோமேட் நச்சு, கையுறை போட்டுக்கொள். மிஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து வை.